பனி பெய்யாத ஊரில் ஒரு நாற்காலி

மார்சி டுடெக்கின் நாற்காலியை எங்கள் தெருவில் அறியாதவர் இல்லை. இரும்புக் கால்கள், மஞ்சள் ரெக்சின் இருக்கை, முதுகில் ஒரு நீளக் கிழிசல், அதை மூடிய கறுப்பு டேப். அவருடைய அம்மா காலத்துச் சாப்பாட்டு மேசையோடு வந்தது. மேசையும் மற்ற நாற்காலிகளும் எப்போதோ போய்விட்டன. இது மட்டும் கோடையில் நிலவறையிலும் குளிர்காலத்தில் தெருவிலுமாகக் காலம் தள்ளியது. யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பிட்ஸ்பர்க்கில் எங்கள் தெரு ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி இருக்கும். வீடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். கார் நிறுத்தக் கொட்டகை ஒருவருக்கும் கிடையாது, தெருவோரம்தான். பனி கொட்டிய காலையில் மண்வாரியை எடுத்துக்கொண்டு போய், முதுகு கழன்றுவிடும்படி வெட்டி, ஒரு கார் நிற்க இடம் எடுத்தால், பனி உருகும்வரை அந்த இடம் வெட்டியவருக்கு. வேலைக்குப் போகும்போது நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போகலாம். சாயங்காலம் வரும்வரை இடம் அப்படியே இருக்கும். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. ஆனால் ரோந்து வரும் போலீஸ்காரர்கூட நாற்காலியைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அப்பாவுக்கு இது தெரியாது. யாரோ மறந்துவிட்டுப் போன நாற்காலி என்று நினைத்து, அதை மரியாதையாக நடைபாதை ஓரம் எடுத்து வைத்துவிட்டு, காரை நிறுத்தினார். சாயங்காலம் கதவை உடைப்பது போல ஒரு தட்டு. வாசலில் மார்சி, பள்ளிக்கூடச் சமையலறை ஏப்ரனோடு.

"என் நாற்காலிய நகத்துனது நீங்கதானா?"

"ஆமாங்க. நனைஞ்சுக்கிட்டு இருந்துது. ஓரமா எடுத்து வச்சேன்" என்றார் அப்பா.

மார்சி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்து, நாற்காலியின் சட்டதிட்டங்களை விளக்கினார். அப்பாவின் முகம் தெளிந்தது. "அட, பஸ்ஸுல துண்டு போடுற மாதிரி!" என்றவர், தமிழ்நாட்டில் கூட்டமான பேருந்தின் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பதை நடித்துக் காட்டினார். மார்சிக்கு அது பிடித்துப் போனது. அன்றிலிருந்து அவர் வாயில் நாற்காலிக்குப் பெயர் 'டுண்டு'. பனி விழுந்தால் மாடி ஜன்னலைத் திறந்து தெருவுக்கே கேட்கும்படி, "எவனாவது என் டுண்டுவத் தொட்டா கை இருக்காது!" என்பார். போலந்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த தெருவில் பாதிப் பேருக்கு அது போலந்துச் சொல்லா தமிழ்ச் சொல்லா என்று இன்றைக்கும் தெரியாது.

மார்சி பிறந்தது அந்த வீட்டில்தான். படித்தது கீழ்த்தெருப் பள்ளி. அதே பள்ளியின் சமையலறையில்தான் இப்போது வேலை. கல்யாணம் நடந்தது படிக்கட்டுத் தெருவின் உச்சியிலிருக்கும் தேவாலயத்தில். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இறைச்சி தவிர்க்கும் வெள்ளிதோறும், அதன் அடித்தளத்தில் மீன் பொரிப்பதும் அவர்தான். அவருடைய வாழ்க்கை முழுவதும் ஒரு மேட்டுக்கும் ஒரு பள்ளத்துக்கும் நடுவில் நடந்தது என்று சொல்லலாம். அவர் கணவர் லென், குழாய் வெல்டர். அதிகம் பேசாதவர். பேச்சுக்கு மார்சி இருக்கிறார் என்பதால் அந்த வீட்டில் அது குறையாகத் தெரியவில்லை.

ஆற்றங்கரைத் தொழிற்சாலை மூடியபிறகு லென்னுக்கு வேலை வரவில்லை. தொழிற்சங்க அலுவலகத்துக்குக் காலையில் போவார், மதியம் திரும்புவார். பிறகு போவதும் நின்றது. நிலவறையில் உட்கார்ந்து திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துப் பழைய ஜாம் பாட்டில்களில் போட்டு வைத்தார். எல்லாம் பிரித்து முடித்ததும் திரும்ப ஒரு வாளியில் கொட்டி, மறுபடி பிரித்தார். "அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு மேல என்னால வெங்காயம் வெட்ட முடியல" என்று மார்சி அம்மாவிடம் சொன்னது நினைவிருக்கிறது.

போன செப்டம்பரில் லென்னுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்தது. கப்பல் கால்வாய் ஓரம் ஏதோ ஒரு ஆலையில் ஆறு மாத வேலை. பிக்கப் வண்டியில் மெத்தையும் கருவிப் பெட்டியும் ஒரு விளக்கும் ஏற்றினார். கடைசியில் நிலவறைக்குப் போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அது எதுக்கு?" என்றார் மார்சி.

"அங்க வீடு காலியா இருக்கும். ஒரு நாற்காலியாச்சும் வேணாமா?"

"பனி வந்தா நான் எதப் போடுறது? உன் தலையவா?"

"ஆறு மாசத்துல நானே வந்துடுவேன்."

"ஆறு மாசம்னா மார்ச்சு. பனியெல்லாம் போனப்புறம் டுண்டு வந்து என்ன, பேரீச்சம்பழத்துக்குப் போடவா?"

ஆனாலும் கயிற்றைப் போட்டுக் கட்டியது மார்சிதான். லென் கட்டினால் பாலம் தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும் என்றார்.

ஜனவரியில் லென் தொலைபேசியில் செய்தி சொன்னார். அங்கே அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கேட்கிறார்கள். ஈஸ்டருக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரும் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கேட்கிறார். "நீயே சொல்லு, மார்சி. நீ வரேன்னா இருப்போம். வரலன்னா நான் கெளம்பி வந்துடுறேன்."

அந்த 'நீயே சொல்லு'தான் மார்சியை எரித்தது. மறுநாள் பனி வாரிக்கொண்டே எதிர்வீட்டு ஸ்டஷ்ஷிடம் கொட்டித் தீர்த்தார். ஸ்டஷ் பாவ்லிக், பேருந்துப் பணிமனையில் ஓய்வு பெற்றவர். மார்சியைத் தொட்டிலில் பார்த்தவர் என்பதால் அவரிடம் எதையும் சொல்ல உரிமை உள்ளவர் என்று தன்னைப் பற்றி நினைப்பவர்.

"வெவரமான ஆளுய்யா அவன். நல்லபடியா முடிஞ்சா ரெண்டு பேரு முடிவு. வெளங்காமப் போனா மார்சி முடிவு!" என்றார் மார்சி.

"ஹூஸ்டனுக்கா?" ஸ்டஷ் வாரியை ஊன்றி நின்றார். "அங்க கரப்பான்பூச்சி பறக்கும், தெரியுமா? கோடைல வெளிய போனா வெந்துருவ. நம்ம தெருவுலேர்ந்து தெக்க போனவன் ஒருத்தனாவது உருப்படியாத் திரும்பி வந்தானா? எல்லாம் பெட்டியிலதான் வந்தானுங்க, கல்லறைக்கு."

"அப்ப திரும்பி வந்திருக்கானுங்கல்ல? அப்புறம் என்ன?"

"வாய்... வாய்! இந்த வாய வச்சுக்கிட்டு அங்க யார்கிட்ட பேசுவ? அவனுங்க உன்னப் பாத்து சிரிப்பானுங்க."

ஸ்டஷ் சொன்னது விளையாட்டுக்குத்தான். ஆனால் அது மார்சிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வேலை அங்கேயும் கிடைக்கும். பிள்ளைகள் எந்த ஊரிலும் மதியம் சாப்பிடத்தான் செய்கிறார்கள். வீட்டை விற்கலாம், வாடகைக்கு விடலாம். ஆனால் வாயைத் திறந்ததும் 'இவள் இன்னார் மகள்' என்று யாருக்கும் தெரியாத ஊரில் எப்படி இருப்பது? எங்கள் அம்மாவிடம் ஒருநாள் கேட்டார், "நீ எப்படிடி வந்த?" அம்மா சொன்னாள், "யோசிக்கல. அதான் வந்தேன்."

பிப்ரவரிக் கடைசியில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு மார்சி ஊர் பார்க்கப் போனார். பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அங்கே நடந்ததை அவர் திரும்பி வந்து எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது சேரும், எதுவும் குறையாது.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே வியர்த்தது. பிப்ரவரியில் வியர்ப்பது அவருக்கு ஒழுக்கக்கேடு மாதிரிப் பட்டது. பெட்ரோல் நிலையத்தில் ஒரு பையன் கதவைப் பிடித்துக்கொண்டு, "போங்க மேம்" என்றான்.

"எதுக்கு என்னய மேம்ங்கிற? எங்க ஊருல போலீஸ்காரன் வண்டிய நிறுத்தித்தான் மேம்னு கூப்பிடுவான். நான் என்ன தப்பு பண்ணேன்?"

பையன் மிரண்டு, "ஒண்ணும் இல்ல மேம்" என்றான்.

பல்பொருள் அங்காடியில் இன்னொன்று. எங்கள் ஊரில் நாலு பேரைச் சேர்த்துக் கூப்பிட 'யின்ஸ்' என்போம். வேறு எங்கும் அந்தச் சொல் கிடையாது. மார்சி கல்லாவிலிருந்த பெண்ணிடம், "யின்ஸ் நல்ல ரொட்டி எதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண் கனிவோடு குனிந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, "நீங்க எந்த நாட்டுலேர்ந்து வந்திருக்கீங்க?" என்றாள்.

"பிட்ஸ்பர்க்" என்றார் மார்சி.

"ரொம்ப நல்லா இங்கிலீஷ் பேசுறீங்க" என்றாளாம்.

லென்னுடைய வாடகை வீடு, ஒற்றைத்தள வீடு. வாசலில் பெரிய ஓக் மரம். மேடு என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லை. பந்தை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். வீட்டு ஓரத்தில் வண்டி நிறுத்தும் தடத்தை வீட்டுக்காரர் குழாய் மாற்றத் தோண்டிப் போட்டிருந்தார். அதனால் லென்னும் அந்த வாரம் தெருவோரம்தான் நிறுத்தினார். உள்ளே மெத்தை, விளக்கு. பழைய கதவு ஒன்றை இரண்டு முட்டுகள்மேல் கிடத்தி, அதுதான் சாப்பாட்டு மேசை. மேசைக்கு ஒரு பக்கம் மஞ்சள் நாற்காலி. மறுபக்கம் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி.

மார்சி போனதும் நாற்காலியில் உட்கார்ந்தார். லென் வாளியில் உட்கார்ந்தார்.

"ஆறு மாசமா இன்னொரு நாற்காலி வாங்கத் தோணலையா உனக்கு? பன்னி மாதிரி வாழுற."

"வாளி இருக்கே" என்றார் லென்.

மார்சிக்கு அப்போது வேறெதுவும் தோன்றவில்லை. மேசையைத் துடைக்கத் துணி தேடப் போய்விட்டார்.

சனிக்கிழமை லென் மனைவியை மகிழ்விக்க நினைத்து, வேலையிடத்து நண்பர் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்த பழைய சோபாவை எடுத்துவரக் கிளம்பினார். அன்று எதிர்வீட்டில் பிறந்தநாள். கார்கள் வரிசையாக வந்து நின்றுகொண்டிருந்தன. பிக்கப் போனதும் வீட்டுக்கு முன்னால் இடம் காலியானது. மார்சி ஜன்னல் வழியாகப் பார்த்தார். இன்னொரு கார் தெருமுனையில் திரும்பியது. லென் சோபாவோடு வந்தால் எங்கே நிறுத்துவார்? அதைத் தெரு நெடுகத் தூக்கிக்கொண்டா வருவது?

அவர் யோசிக்கவேயில்லை. பிறந்ததிலிருந்து செய்ததைக் கை தானாகச் செய்தது. நாற்காலியைத் தூக்கிப் போய்த் தெருவோரத்தில், காலி இடத்தின் நடுவில், எதிர்வீட்டைப் பார்த்துப் போட்டார். நிம்மதியாக உள்ளே வந்து தரையைத் துடைத்தார். தெரு முழுக்க வீடுகளுக்கு முன்னால் பழைய மெத்தை, உடைந்த மின்விசிறி, கால் போன கட்டில் என்று கிடந்ததை அவரும் பார்த்திருந்தார். 'இந்த ஊர்க்காரங்களுக்கு வீட்டச் சுத்தமா வச்சுக்கத் தெரியல' என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

துடைப்பத்தை உதற வெளியே வந்தபோது நாற்காலி இல்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது.

எதிர்வீட்டுக்குப் போய் இசையை நிறுத்தச் சொன்னார். "என் நாற்காலிய எவன் எடுத்தான்?" பலூன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க எடுக்கல மேம். நாங்க வரும்போது எடம் காலியாத்தான் இருந்துச்சு மேம். கேக் சாப்பிடுறீங்களா மேம்?"

லென் சோபாவோடும் நண்பரோடும் வந்து சேர்ந்தபோது மார்சி நடுத்தெருவில் நின்றிருந்தார், கையில் ஒரு கேக் துண்டோடு. விஷயத்தைக் கேட்டதும் லென் சிரித்தார். அவர் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். பிறகு சட்டென்று நின்றது.

"எந்த நாற்காலி? டுண்டுவா?"

"பின்ன நம்மகிட்ட நாலு இருக்கா?"

"மார்சி, திங்கக்கெழம பெரிய குப்பை லாரி வருது. வேணாங்கிறத எல்லாம் தெருவோரம் வைப்பாங்க. லாரி வர்றதுக்குள்ள யாருக்கு எது வேணுமோ எடுத்துக்குவாங்க. தெருவோரம் வச்சாலே, எடுத்துக்கோன்னு அர்த்தம்."

"நான் வச்சது எடம் புடிக்க!"

"அது உனக்கும் எனக்கும் தெரியும்."

மார்சி தீர்ப்புச் சொல்லிவிட்டார். "முடிஞ்சு போச்சு. நான் முடிவு சொல்லணும்னல்ல? கேட்டுக்கோ. எடத்தப் புடிச்சா எடத்தத் திருடலாம். டுண்டுவையே திருடுற ஊருல நான் இருக்க மாட்டேன். மூட்டையக் கட்டு."

லென் "சரி" என்றார். நண்பரோடு சோபாவை இறக்கி உள்ளே வைத்தார். நண்பர் போனபிறகு முட்டை பொரித்துத் தட்டுகளை மேசையில் வைத்தார். மார்சி சோபாவில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டியிருந்தது. அது மேசைக்கு மிகத் தாழ்வாக, சுவரோரமாக இருந்தது. லென் வழக்கம்போல வாளியில் உட்கார்ந்தார். எதிரே காலித் தரை. ஒரு வாய் எடுத்துவிட்டு நிமிர்ந்து அந்தக் காலித் தரையைப் பார்த்தார். திரும்ப ஒரு வாய். திரும்ப ஒரு பார்வை.

"லென்" என்றார் மார்சி. "நான் வர்றதுக்கு முன்னாடி நீ எங்க உக்காந்து சாப்பிடுவ?"

"இங்கதான்."

"வாளியிலயா?"

"ம்."

"எதிர்ல ஒரு முழு நாற்காலிய வச்சுக்கிட்டு?"

லென் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "டுண்டுல எவனாவது உக்காருவானா? அது எடம் புடிக்கப் போட்டது."

மார்சி அதற்குப் பதில் சொல்லவில்லை என்று அவரே எங்களிடம் சொன்னார். வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் மார்சி லென்னை வீட்டில் விட்டுவிட்டு, தெருத் தெருவாகத் தேடப் போனார். நாற்காலி கிடைக்காமல் அந்த ஊரை விட்டுக் கிளம்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார். அதற்குமேல் எதையும் முடிவு செய்யவில்லை.

மூன்றாவது தெருவின் மூலை வீட்டு முகப்பில் நாற்காலி இருந்தது. அதில் ஒரு பெண்மணி உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டு எலுமிச்சம்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். கறுப்பினப் பெண்மணி, மார்சியின் வயதுதான் இருக்கும். முற்றத்தில் அடுப்பின்மேல் பெரிய அண்டா கொதித்தது. நாற்காலிக்குச் சிவப்புப் பூப்போட்ட புது இருக்கை. கறுப்பு டேப் இருந்த இடமும் அதே துணியால் கச்சிதமாகத் தைக்கப்பட்டிருந்தது.

"அது என் நாற்காலி" என்றார் மார்சி.

அந்தப் பெண்மணி கத்தியை நிறுத்தாமல், "நேத்து மத்தியானம்வரைக்கும் இருந்திருக்கும், கண்ணு" என்றார். அவர் பெயர் வெர்டீன் கில்லரி. புயலில் வீடு போனபிறகு லூசியானாவிலிருந்து வந்தவர்.

"நான் அதத் தூக்கிப் போடல. வண்டி நிறுத்த எடம் புடிச்சு வச்சேன்."

கத்தி நின்றது. "என்ன பண்ணீங்க?"

மார்சி விளக்கினார். பனி, வாரி, வெட்டிய இடம், நாற்காலி. வெர்டீன் முழுக்கக் கேட்டுவிட்டு உள்பக்கம் திரும்பிக் கூவினார். "ஏய், எல்லாரும் வெளிய வாங்க! இந்தம்மா ஊருல ரோட்டுல நாற்காலி போட்டா அது அவங்களோட ரோடாம்! மறுபடி சொல்லு கண்ணு, மறுபடி சொல்லு."

மார்சி மறுபடி சொன்னார். இந்த முறை ஆறேழு பேர் கேட்டார்கள். ஒரு கிழவர் சிரித்ததில் பல்செட் கழன்றது. மார்சிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் கேட்கிறவர்கள் இருந்தால் அவரால் கதையைச் சுருக்க முடியாது. எங்கள் அப்பாவின் கதையும் பேருந்தும் துண்டும்கூட அன்று ஹூஸ்டனில் சொல்லப்பட்டன.

"சரி, இப்ப நாற்காலியக் குடு" என்றார் கடைசியில்.

"அதெப்படி? இத எடுத்துட்டு வந்த கையோட என்னோட பழைய நாற்காலியத் தெருவுல வச்சேன். அத எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். இதையும் குடுத்துட்டா நான் எதுல உக்காருறது?"

"என் டேப்பையும் பிச்சுட்ட!"

"அது டேப்பா? நான் புண்ணுன்னு நெனச்சேன்." வெர்டீன் எழுந்து நாற்காலியை மார்சியின் பக்கம் தள்ளினார். "இப்ப உக்காரு, சாப்பிடு. ஊரு பாக்க வந்தவளுக்கெல்லாம் நாற்காலி தர முடியாது. குடி வந்தியா, அன்னைக்கே தர்றேன்."

"என் நாற்காலிக்கு நான் குடி வரணுமா?"

"பின்ன, நாற்காலி அங்க வருமா? அதுக்கு இந்த ஊரு புடிச்சிருக்கு. பாரு, எவ்வளவு அழகா இருக்கு."

செய்தித்தாள் விரித்த மேசையில் கொடுக்கு வைத்த ஆற்று இறால்களை அண்டாவோடு கொட்டினார்கள். மார்சி முதல் இறாலை ஓட்டோடு கடித்தார். எல்லோரும் அலறினார்கள். வெர்டீன் உரித்துக் காட்டினார். காரத்தில் கண்ணீர் வழிய மார்சி இரண்டாவதை எடுத்தார். லென்னுக்குப் போன் செய்து, "வாளிய எடுத்துக்கிட்டு வா, இங்க உக்கார எடம் இல்ல" என்றார்.

இங்கே அவர் திரும்பிய நாளில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு பனி. விமான நிலையத்திலிருந்து காரை ஓட்டி வந்தவர், வெட்டாத இடத்தை நினைத்துத் திட்டிக்கொண்டே மேடு ஏறியிருக்கிறார். வீட்டுக்கு முன்னால் ஒரு கார் அளவுக்குப் பனி வழித்து எடுக்கப்பட்டிருந்தது. நடுவில் ஸ்டஷ்ஷின் துணி தேய்க்கும் பலகை, பூப்போட்ட உறையோடு, காலை அகட்டி நின்றது. எழுபத்தைந்து வயது மனிதர், இதய மாத்திரை சாப்பிடுகிறவர். அன்று மார்சி காரை விட்டு இறங்க வெகுநேரம் ஆனது. நான் எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அதன்பிறகு ஒரு வாரம், நாற்காலி திருடுபோனதைத் தவிர, அவர் யாரிடமும் ஊரைப் பற்றிப் பேசவில்லை. கரப்பான்பூச்சி பறந்ததா என்று ஸ்டஷ் கேட்டதற்கு, "நான் பாத்தது நடந்துதான் போச்சு" என்றதோடு சரி.

தவக்காலத்தின் முதல் வெள்ளி. தேவாலய அடித்தளத்தில் எண்ணெய்ப் புகை. நான் ரொட்டிகளைப் பிளந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். மார்சி மீனை எண்ணெயில் இறக்கினார். ஸ்டஷ் பக்கத்து அடுப்பில் வெண்ணெயில் வெங்காயம் வதக்கி, உருளைக்கிழங்கு வைத்த பியரோகி கொழுக்கட்டைகள்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் மீன யாரு பொரிப்பா?" என்றார் மார்சி, எண்ணெயைப் பார்த்தபடி.

ஸ்டஷ்ஷின் கரண்டி நின்றது. "ஏன், உனக்குக் கை வெளங்கலையா?"

"நான் போறேன், ஸ்டஷ்."

மார்சி அடுத்த மீனை எண்ணெயில் இறக்கினார்.

"நாற்காலியத் திருடுற ஊருக்கு" என்றார் ஸ்டஷ்.

"ஆமா."

"போன வாரம்தான் உன் எடத்த வழிச்சேன். என் முதுகு இன்னும் நேராகல."

"தெரியும். அதனாலதான் சொல்ல ஒரு வாரம் ஆச்சு." மார்சி கூடையைத் தூக்கி எண்ணெய் வடியவிட்டார். "அவன் ஆறு மாசமா வாளியில உக்காந்து சாப்பிட்டிருக்கான், ஸ்டஷ்."

"நாற்காலி இல்லாமயா?"

"நாற்காலி எதிர்லயே இருந்துச்சு. உக்காரல. எனக்குப் போட்டு வச்சிருந்தான்."

எங்கள் தெருக்காரருக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஸ்டஷ் வெங்காயத்தைக் கிளறினார். அது ஏற்கனவே கருகத் தொடங்கியிருந்தது.

"அப்ப போய்த்தான் ஆகணும்" என்றார். பிறகு, தன் குரலே தனக்குப் பிடிக்காதவர் போல, "அங்க பனியே பெய்யாதேடி. எத வாருவ நீ?" என்றார்.

"உன் வெங்காயத்த விட மோசமா எதையும் வார வேண்டியிருக்காது. தீயக் கொறய்யா!"

லென்னுக்கு அன்று மாலையே போன் செய்தார். "முடிவு என்னோடது. அது வெளங்காமப் போனாலும் என்னோடதுதான். ஒரு விஷயத்துல மட்டும் தீர்மானமா இருக்கேன். நான் வர்றதுக்குள்ள நீ உனக்கு ஒரு நாற்காலி வாங்கணும்." லென் வாங்கிவிட்டதாகச் சொன்னார். என்ன நிறம் என்று கேட்டதற்கு, பார்க்கவில்லை, உட்கார்ந்துதான் பார்த்தேன் என்றாராம்.

பள்ளி விடுமுறை விட்டதும், ஜூனில் கிளம்பினார்கள். லென் வந்து லாரி பிடித்தார். ஸ்டஷ் தெருவில் நின்று, எதை எங்கே ஏற்றுவது என்று எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பும்போது உள்ளே போனவர் வெளியே வரவில்லை. ஆனால் லாரி பள்ளம் இறங்கித் திரும்பியபிறகு பார்த்தால், மார்சியின் காலி இடத்தில் துணி தேய்க்கும் பலகை நின்றது, கொளுத்தும் வெயிலில். வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வரும்வரை அதை யாரும் நகர்த்தவில்லை.

இரண்டு நாள் கழித்து மார்சி அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. லாரி ஹூஸ்டனில் அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது இரண்டு பக்கமும் கார்கள், மறுபடியும் யாருக்கோ பிறந்தநாள். தெருவோரமெல்லாம் பழைய மெத்தைகள். பெரிய குப்பை லாரி வரும் வாரம். ஆனால் அவர்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு லாரி நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதன் நடுவில் சிவப்புப் பூப்போட்ட நாற்காலி. நாற்காலியில் குடை பிடித்துக்கொண்டு வெர்டீன்.

"எந்திரி" என்றிருக்கிறார் மார்சி, லாரி ஜன்னலிலிருந்து. "டுண்டுல உக்காரக் கூடாது. சும்மா போட்டு வச்சாப் போதும்."

"சும்மா போட்டு வைக்கிறதா? காலைலேர்ந்து மூணு பேரு வந்து இத எடுத்துக்கலாமான்னு கேட்டாச்சு. ஒருத்தன் என்னையும் சேத்துத் தூக்கப் பாத்தான். சீக்கிரம் எறங்கு கண்ணு, எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு!"